ஒரே கூடாரத்துக்கு ரெண்டு விலை

சாவு வீட்டிலிருந்து போன் வந்தால் சுகுமாறன் இரண்டு கேள்விதான் கேட்பார். எந்த இடம், லோரி உள்ளே வருமா. யார் செத்தது, வீடு வசதியா இல்லையா, எதுவும் கேட்க மாட்டார். போன் பண்ணுகிறவனும் விலை கேட்க மாட்டான். அந்த நேரத்தில் விலை கேட்க யாருக்கும் வாய் வராது. இந்தத் தொழிலில் அதை வைத்தே சம்பாதிக்கிறவர்கள் உண்டு. சுகுமாறன் அந்த ரகம் இல்லை. மூன்று கூடாரம், நூறு நாற்காலி, பத்து மேசை, எல்லாம் சேர்த்து நானூறு வெள்ளி. வீடு உள்ளூர்த் தம்போயில் இருந்தாலும் தள்ளியிருக்கிற கூலாயில் இருந்தாலும் அதே நானூறு. லோரிக்கு எண்ணெய் போட்டு, ஏற்றி இறக்க ஆளும் வைத்தால் கையில் ஒன்றும் நிற்காது.

கல்யாண வீட்டுக்கு அதே மூன்று கூடாரம் ஆயிரத்து இருநூறு.

கல்யாணத்துக்குத் துணி உண்டு. உள்கூரையை மறைக்க மடிப்புத் துணி, கம்பங்களுக்குச் சுற்றுத் துணி, நாற்காலிக்கு உறை, அதற்குப் பின்னால் ஒரு பெரிய முடிச்சு. அதையெல்லாம் சலவைக்குப் போட்டு எடுக்க நூற்றைம்பது ஆகும். மிச்சத்துக்கு அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். சாவு தானாக வருவது. கல்யாணம் நாமாகத் தேடிப் போய்ச் செய்வது. செய்ய முடிந்தவன் கொடுக்கட்டும். முடியாதவன் கோயிலோடு முடித்துக்கொள்ளட்டும். அந்தப் பணத்தில்தான் சாவு வீட்டு லோரி ஓடுகிறது.

இதில் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. சாவுக்கு ஒரு செட், கல்யாணத்துக்கு ஒரு செட் வைத்திருக்கிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி அவர் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. சாவு வீட்டிலிருந்து வந்த தார்ப்பாயைக் கபீர் ஹோஸ் பிடித்து அடிப்பார். சுகுமாறன் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி, காய வைத்து மடிப்பார். அடுத்த வீட்டில் அது மேலே ஏறியதும் கீழே மடிப்புத் துணி வந்து மறைத்துவிடும். கபீர் லோரி ஓட்டுவார், தொழிலில் கால் பங்கும் அவருடையது. அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூலாயில் கட்டடக் குத்தகைக்காரர் தங்கராஜுவின் அம்மா வெள்ளையம்மா இறந்துபோனார். இரண்டு மாடி பங்களா. உள்ளே கார் கொட்டகையில் மூன்று காடி நின்றது. கூடாரம் வேலிக்கு வெளியே ரோட்டோரமாகப் போக வேண்டியதாயிற்று. மறுநாள் எல்லாம் முடிந்து அவிழ்த்து ஏற்றும்போது தங்கராஜு வந்தார்.

"எவ்வளவுங்க?"

"நானூறு."

"கூடாரத்துக்கா?"

"எல்லாத்துக்கும் சேத்துங்க."

தங்கராஜு பக்கத்தில் நின்ற தன் ஆபீஸ் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "கேட்டீங்களா. சவப்பெட்டிக்காரன் ஆறாயிரம் வாங்கிட்டுப் போனான். இவரு நானூறு கேக்குறாரு." பிறகு சுகுமாறனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "நல்ல மனசுங்க உங்களுக்கு."

சுகுமாறன் தலையை ஆட்டிவிட்டு லோரியில் ஏறினார். சாவு வீட்டில் வரேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். அவருக்கு அது பழகிப் போயிருந்தது.

"சுகு, அந்த வீட்டு காடிக்கு ஒரு டயர் மாத்த நானூறு பத்தாது," என்றார் கபீர், லோரி சாலைக்கு வந்ததும்.

"சாவு வீடு கபீர்."

"சாவு வீடுதான். பணக்கார சாவு வீடு லா. கான்ட்ராக்டருக்குத் தர்மம் பண்ணின மொத ஆளு நீதான்."

"நான் ஆளு பாத்து வெல சொல்றதில்ல. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எல்லாருக்குமா? அப்ப ஞாயித்துக்கெழமை அந்த பெக்டரி அம்மாவுக்கு என்ன வெல?"

சுகுமாறன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செம்பனை மரங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பெக்டரி அம்மா என்று கபீர் சொன்னது வாசுகியை. அதே கூலாயில், வேறொரு தாமான் குடியிருப்பில், ஒற்றை மாடி வரிசை வீட்டில் இருந்தாள். செனாயில் ஒரு பெக்டரியில் வேலை. புருஷன் போய் வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் ரூபினிக்குக் கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, வீட்டு வாசலில் மதியச் சாப்பாடு. கூடாரம் பேச சுகுமாறன் போனபோது அவள் முதலில் சொன்னதே இதுதான்:

"லாயாங் லாயாங்லேருந்து எங்க வீட்டுக்காரரோட அண்ணன்மாருங்க வராங்க. அப்பன் இல்லாத பொண்ணு கல்யாணம், வாசல்ல ஒரு கூடாரத்துக்குக்கூட வழியில்லன்னு அவங்க பேச நான் எடம் குடுக்க மாட்டேன். நல்லா போட்டுக் குடுங்க. எவ்வளவு ஆகும்?"

ஆயிரத்து இருநூறு என்றார். அவள் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க," என்றாள். பேரம் பேசவில்லை. தேநீர் கலக்கிக் கொடுத்தாள். குடித்து முடித்து அவர் எழுந்து வாசலுக்கு நடந்தார்.

"என்னங்க இது, சொல்லிக்காம போறீங்க?"

சுகுமாறன் நின்றார். "பழகிப்போச்சுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"சாவு வீட்டுப் பழக்கத்தை இங்க கொண்டு வராதீங்க. வரேன்னு சொல்லிட்டுப் போங்க."

"வரேங்க."

"ம். கல்யாணத்தன்னிக்குப் பொட்டலம் கட்டிக்கிட்டு லோரிக்கு ஓடுற கதையும் வேணாம். எலை போட்டு உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அவள் அதைச் சொல்லிவிட்டு மறந்திருப்பாள். சுகுமாறன் மறக்கவில்லை. ஊரில் உள்ள வாசலுக்கெல்லாம் நூறு நாற்காலி போடுகிறவரை உட்காருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் அவருக்குப் பின்பக்கமாகப் பொட்டலம் வரும். லோரியில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும். அவர் தங்குவது தம்போயில் கூடார ஸ்டோருக்கு மேலே ஒரு அறையில். அங்கே டிவி பேசும், அவர் பேச மாட்டார்.

அவருடைய மனைவி செல்லம் செத்தபோது ஒரு கூடாரக்காரன் ஆயிரத்தைந்நூறு வாங்கிவிட்டான், அதிலிருந்துதான் இவர் இப்படி ஆகிவிட்டார் என்று கபீர் எல்லாரிடமும் சொல்வார். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. சாவு வீட்டில் ஜனங்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வேறெங்கும் யாரும் அவரைத் தொடுவதில்லை. நானூறு வெள்ளிக்கு அது கிடைத்தது.

சனிக்கிழமை வாசுகி வீட்டில் கூடாரம் போட்டார்கள். சுகுமாறன் அதற்காகப் புதிதாகத் தங்க நிறத் துணி வாங்கி வந்திருந்தார். இரண்டு கூடாரத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது.

"மூணாவதுக்குப் பழைய ரோஸ் துணியைப் போட்டுடு," என்றார் கபீர்.

"தங்கத்துக்குப் பக்கத்துல ரோஸ் போட்டா அசிங்கமா இருக்கும்."

"மொட்டையா வுட்டா அழகா இருக்குமா?"

"வெள்ளையா, சுத்தமாத்தானே இருக்கு. வுடு."

சாவு வீட்டில் மட்டும்தான் அவர் கூடாரத்தை மொட்டையாக விடுவார். கல்யாண வீட்டில் இதுவரை விட்டதில்லை. இரண்டு கூடாரத்தின் தங்க நிறத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாவதை ஏற்றினார். அதில் நடுவில் கிழிந்த இடத்துக்கு அவரே போட்ட ஒட்டு இருந்தது. இரண்டு கை அகலத்துக்கு நீலத் துண்டு, அதைச் சுற்றி சிவப்பு நூல். அன்றைக்குக் கையில் வேறு நூல் இல்லாததால் சிவப்பில் தைத்தது. தைத்தவருக்கே அது கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சவரம் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கிளம்பினார்.

"அலமாக்," என்றார் கபீர். "பொண்ணு பாக்கப் போறியா, கூடாரம் பாக்கப் போறியா?"

"வாய மூடிக்கிட்டு ஓட்டு."

போனபோது கோயிலிலிருந்து எல்லாரும் திரும்பியிருந்தார்கள். சிவப்புப் பட்டில் ரூபினி முதல் கூடாரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். லாயாங் லாயாங் ஆட்கள் தங்கத் துணிக்குக் கீழே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மேலே பார்த்து, பரவாயில்லையே, நல்லாத்தான் போட்டிருக்கு என்று சொல்வது சுகுமாறன் காதில் விழுந்தது. வாசுகி அவரைப் பார்த்து, "வந்துட்டீங்களா, பந்தி நடக்குது, உக்காருங்க," என்று மூன்றாவது கூடாரத்தைக் காட்டினாள். கபீர் அசைவம் இல்லாத சாப்பாட்டுக்குத் தான் வருவதில்லை என்று லோரியிலேயே இருந்துவிட்டார்.

சுகுமாறன் உட்கார்ந்தார். அவர் போட்ட நாற்காலி, அவர் போட்ட மேசை. எதிரே வாசுகியின் பக்கத்து வீட்டு தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். இலையில் தண்ணீர் தெளித்தார். பொரியல் வந்தது, சோறு வந்தது.

தனலெட்சுமி அப்பளத்தைக் கடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். மெல்லுவது நின்றது. அவரைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து வீட்டுக்குள் போனாள். அவள் தங்கராஜுவின் ஆபீஸில் வேலை செய்கிறவள். செவ்வாய்க்கிழமை அங்கே போய் நாள் முழுக்க கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள். புதன்கிழமை தங்கராஜு திரும்பிப் பார்த்துச் சிரித்த ஆட்களில் அவளும் இருந்தாள். சுகுமாறனுக்கு இது தெரியாது. அவள் எதைப் பார்த்தாள் என்று அவரும் அண்ணாந்து பார்த்தார்.

நீல ஒட்டு. சிவப்பு நூல். வெயில் மேலே இருந்ததால் துணியில் அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

சாம்பார் வாளி வருவதற்குள் வாசுகி வந்துவிட்டாள். "கொஞ்சம் பின்னால வரீங்களா."

வீட்டுக்குப் பின்புறம், துணி துவைக்கிற மிஷினும் சமையல் காஸ் தோம்பும் இருக்கிற சந்து. சமையல்காரர்கள் முன்பக்கம் இருந்தார்கள். தனலெட்சுமி கதவருகே நின்றாள்.

"இவ சொல்றது நெசமா? இது அந்த சாவு வீட்ல போட்டதா?"

"கழுவித்தாங்க கொண்டு வந்தோம். மஞ்சத் தண்ணி தெளிச்சு, சாம்பிராணி எல்லாம்..."

"பாத்தியாக்கா," என்றாள் தனலெட்சுமி. "அஞ்சு நாளைக்கு முன்னாடி அந்தப் பாட்டியைக் கெடத்தியிருந்தாங்க அதுக்குக் கீழ. நான் அந்த ஒட்டத்தான் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"நீ உள்ள போ," என்றாள் வாசுகி. "யார்கிட்டயும் பேசாத. எம் பொண்ணு காதுல விழக் கூடாது."

தனலெட்சுமி போனாள். வாசுகி கதவைச் சாத்தினாள்.

"ஆஸ்பத்திரி கட்டில்லகூடத்தான் ஆளு செத்திருக்கும். அடுத்தவங்க படுக்கறதில்லையா? அதை வுடுங்க. நான் கேக்கறது வேற. அந்த வீட்ல எவ்வளவு வாங்கினீங்க?"

அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் வாயால் கேட்க நின்றாள்.

"நானூறு."

"இங்க ஆயிரத்து இருநூறு."

"துணி இருக்குங்க இதுல."

"எண்ணூறு வெள்ளிக்கா?"

அவர் தயாராக வைத்திருந்த நியாயத்தைச் சொன்னார். இதுவரை அதைக் கபீரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். "சாவுன்னா அது அவசியங்க. யாரும் கேட்டு வர்றதில்ல. கல்யாணம் அப்படி இல்லீங்களே. நம்ம ஆசைக்கு, நாலு பேரு பாக்கப் பண்றது."

"ஆசைக்கு." வாசுகி தன் காலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பட்டுப்புடவைக்குக் கீழே ரப்பர் செருப்பு. பாதம் வீங்கியிருந்தது. "நாலு மாசமா லீவு நாள்லயும் ஓவர்டைம் பாத்தேன். நின்னுக்கிட்டே பாக்கற வேலை. இன்னிக்கு வேற செருப்புல காலு நுழையல. இது ஆசை. மூணு காடி வச்சிருக்கறவரு அம்மா செத்ததுக்கு கூடாரம் போட்டது அவசியம். அப்படித்தானே?"

"ஆளு பாத்து வெல சொல்றதில்லீங்க நான்."

"தெரியுது. அழுவுறாங்களா சிரிக்கிறாங்களான்னு பாத்துச் சொல்றீங்க."

உள்ளே யாரோ வாசுகியைக் கூப்பிட்டார்கள். இதோ வரேன் என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. இவர் பக்கம் திரும்பியதும் வந்தது.

"நான் அன்னிக்கு ஏன் பேரம் பேசல தெரியுமா? முந்தி பாத்த ரெண்டு பேரும் உங்களைவிட அதிகம் சொன்னாங்க. நீங்க நல்லவருன்னு ஊரு பூரா சொல்லுது. நல்லவரு சொல்ற வெலை சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"எண்ணூறையும் திருப்பிக் குடுத்தர்றேங்க."

"எதுக்கு?"

"உங்களுக்கு மட்டும்..."

"எனக்கு மட்டும் ஏன்?"

சவரம் பண்ணின முகத்தையும் இஸ்திரி போட்ட சட்டையையும் அவள் அப்போதுதான் பார்த்தது போல் இருந்தது. சுகுமாறன் மிஷின் மேல் கிடந்த சோப்புத்தூள் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்ங்க," என்றாள், கொஞ்சம் தணிந்து. "நாளைக்கு எம் பொண்ணு கல்யாணம் கூடாரக்காரர் தர்மத்துல நடந்துச்சுன்னு பேச்சு வரும். ஏன் தர்மம் பண்ணாருன்னு அதுக்கு மேல ஒரு பேச்சு வரும். சொன்ன வெலையை நான் குடுத்துடறேன். ஆனா ஒண்ணு. சிரிக்கிறவங்க மேல உங்களுக்கு என்னமோ ஒரு கோவம் இருக்கு. அதை எங்கிட்ட வசூல் பண்ணியிருக்கீங்க."

"நான் என்னங்க செய்யணும்?"

"ரெண்டு வெலை வச்சிருந்தா ரெண்டையும் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. ஒரே கூடாரம்தான்னும் சொல்லுங்க. எது எனக்கு அவசியம்னு நான் முடிவு பண்ணிக்கறேன். நீங்க யாரு அதைப் பிரிச்சு வைக்க?"

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

அவர் முன்பக்கம் வந்தபோது அவருடைய இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்து ரசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய இலையை எடுத்துப் புது இலை போட்டிருந்தார்கள். சுகுமாறன் லோரிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அவிழ்த்தார்கள். தங்கத் துணியைக் கபீர் மடித்தார். ஒட்டுப் போட்ட தார்ப்பாயை சுகுமாறனே இறக்கிச் சுருட்டினார். வாசுகி ஒரு கவரைக் கொண்டு வந்து கொடுத்தாள். தனலெட்சுமி இரண்டு பொட்டலம் கொண்டு வந்து கபீரிடம் நீட்டினாள். வாசலில் விருந்தாளிகள் விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல்களை வாசுகி குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சுகுமாறன் கேட் அருகே நின்றார். வரேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் வாங்க என்று சொல்லக்கூடும், சொல்லாமலும் போகலாம். அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கையில் போத்தல்கள் இருந்தன. பிறகு மறுபடி குனிந்தாள். அவர் சொல்லிக்கொள்ளாமல் லோரியில் ஏறினார்.

"உக்காந்து சாப்பிட்டியா?" என்றார் கபீர்.

"இல்ல."

கபீர் பொட்டலங்களைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். லோரியைக் கிளப்பினார். 

கூலாயைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. இளம் ஆண் குரல். பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"கூடாரம் போடற அண்ணனா? எங்கப்பா..." குரல் நின்றது.

"எந்த எடம் தம்பி?"

"தம்போய். ப்ளாட்டுங்கண்ணே. கீழ போடணும்."

"லோரி உள்ள வருமா?"

"வரும்ணே."

வழக்கமாக இத்தோடு முடிந்துவிடும். சுகுமாறன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மூணு கூடாரம், நாற்காலி, மேசை எல்லாம் சேத்து நானூறு வெள்ளி," என்றார். "கல்யாணத்துக்குன்னா ஆயிரத்து இருநூறு. கூடாரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

கபீரின் கால் பிரேக்குக்குப் போய்த் திரும்பியது.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. பையன் படியில் இறங்கி வந்துவிட்டான் போலிருந்தது.

"அண்ணே, இங்க சாவுண்ணே. கல்யாணம்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்."

 பிறகு பையன் மெதுவாக, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலப் பேசினான்.

"நானூறா... மூணு வேணாம்ணே. ஒண்ணு போதும். எங்களுக்கு அவ்வளவு ஜனம் இல்ல. ஒண்ணுன்னா எவ்வளவுண்ணே?"

 ஒரு கூடாரத்துக்கு சுகுமாறனிடம் விலை இல்லை. ஜனம் இருக்கிற வீடு, இல்லாத வீடு, எல்லா வீட்டுக்கும் மூன்று கூடாரம் இறக்கி, நூறு நாற்காலி போட்டு, அவிழ்க்கும்போது நானூறு வாங்கி வந்திருக்கிறார். அவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். யாரையும் அவர் கேட்டதில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"அண்ணே? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நூத்தி முப்பது," என்றார் கபீர் பக்கத்திலிருந்து. "சொல்லு லா. நூத்தி முப்பது."

"நூத்தி முப்பது தம்பி. இருபது நாற்காலி போதுமா?"

"பதினஞ்சு போதும்ணே."

கபீர் ஸ்டோருக்குத் திரும்பவில்லை. நேராக ப்ளாட்டுக்கு விட்டார். கல்யாண வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போகிற துணியைக் கழுவ வேண்டியதில்லை. கீழே காடி நிறுத்துகிற இடத்தில் இருட்டுவதற்குள் ஒரு கூடாரத்தை ஏற்றினார்கள். கைக்கு முதலில் வந்தது அந்த ஒட்டுப் போட்டதுதான். பையன் நாற்காலிகளை அவனே இறக்கி வைத்தான், பதினைந்து, இரண்டு வரிசையாக. பணத்தை அப்போதே கொடுத்தான், சரியாக நூற்று முப்பது. கையைப் பிடிக்கவில்லை.

சுகுமாறன் லோரியில் ஏறி, ஒரு பொட்டலத்தை எடுத்து ஸ்டியரிங் பக்கம் கபீருக்குத் தள்ளினார். இன்னொன்றைத் தன் மடியில் வைத்துப் பிரித்தார். சோறு ஆறியிருந்தது. அதில் அப்பளம் நொறுங்கிக் கிடந்தது.